விறகடுப்பில் வடித்த வெட்டிவேர்த் தைலத்தில் கரிவாடை: காரணம் என்ன?

புதுவாலை:

வணக்கம். விறகடுப்பில் செம்புப் பானை வைத்து வாசனைத் தைலம் வடித்துப் பழகி வருகிறேன். எலுமிச்சைப்புல் கைகூடிவிட்டது. வடிநீரின் மேல் தைலம் தெளிவாக மிதக்கிறது, பிரித்தெடுக்கச் சிரமமே இல்லை. வெட்டிவேர்தான் வழிக்கு வர மறுக்கிறது.

பானை இருபது லிட்டர் கொள்ளும். குவிந்த மூடியின் விளிம்பைக் கோதுமை மாவு பிசைந்து பூசி அடைக்கிறேன். ஆவி செப்புச் சுருள் வழியாகக் குளிர்நீர் வாளிக்குள் இறங்கிக் கண்ணாடிப் புட்டியில் சொட்டுகிறது. இரண்டு கிலோ உலர்ந்த வேரை விரல் நீளத்துக்கு வெட்டி, நேரே பானைத் தண்ணீரில் போட்டு, மேலே நான்கு விரல் உயரம் நீர் நிற்கும்படி வைத்தேன். நான்கு மணி நேரம் எரித்தேன். சொட்டு தளர்ந்தபோதெல்லாம் விறகைத் தள்ளிவிட்டேன்.

கிடைத்தது வெளிறிக் கலங்கிய நீர், அதன் மேல் பச்சைச் சாயலோடு மெல்லிய படலம், புட்டியின் அடியில் சில துளிகள். முகர்ந்தால் முதலில் ஏறுவது கரிவாடை. வேரின் மணம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. நெருப்பில் வடித்தால் இப்படித்தான் இருக்குமா? தைலத்தில் பாதி மேலேயும் பாதி அடியிலும் நிற்பது ஏன்? அந்தப் பச்சை நிறம் எங்கிருந்து வந்தது? இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா, கொட்டிவிட வேண்டியதுதானா?

நீராவி:

விறகை விட்டுவிடுங்கள். தனிக் கொதிகலனில் ஆவி எடுத்து, வேர் இருக்கும் கலத்துக்குள் அடியிலிருந்து செலுத்துங்கள். நெருப்பு வேரின் பக்கமே வராது, கரிவாடைக்கும் இடமில்லை. பெரிய ஆலைகள் இப்படித்தான் வடிக்கின்றன. கலம் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் பச்சை நிறமும் வராது. பழைய முறைக்கு ஓர் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது அழகுக்குத்தான்.

அடுப்பங்கரை:

நீராவி சொல்லும் வழி நல்ல வழி. கேட்ட கேள்வி வேறு. தம்பி விறகில் வடிக்க வேண்டும் என்கிறார், அதில் என்ன கெட்டது என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொல்லலாம். நேரடி நெருப்பில் வடித்த தைலம் கரிந்துதான் வரும் என்பது கொதிகலன் வைத்திருப்பவர்கள் பரப்பிய பேச்சு. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இன்றும் விறகிலும் வறட்டியிலும்தான் அத்தர் வடிக்கிறார்கள். அந்த அத்தரில் கரிவாடை அடித்தால் யார் வாங்குவார்கள்?

முதலில் பானைக்குள் நடப்பதைப் பாருங்கள். வெட்டிவேர்த் தைலத்தில் உள்ள பொருள்கள் தனியாகக் கொதிக்க வேண்டுமென்றால் 250 டிகிரிக்கு மேல் போக வேண்டும். தண்ணீரோடு சேர்ந்து இருக்கும்போது அந்த அவசியம் இல்லை. நீராவியின் அழுத்தமும் தைல ஆவியின் அழுத்தமும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தொட்டுவிட்டால் கொதி வந்துவிடும். ஆகவே இரண்டும் சேர்ந்து 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே எழும்பி வருகின்றன. பானையில் தண்ணீர் இருக்கும்வரை, அந்தத் தண்ணீர் வேரையும் செம்பையும் தொட்டுக்கொண்டிருக்கும்வரை, நீங்கள் எவ்வளவு விறகு வைத்தாலும் உள்ளே சூடு அதற்கு மேல் ஏறாது. கூடுதல் விறகு கூடுதல் ஆவியாகத்தான் மாறும்.

கரிவது தண்ணீர் தொடாத இடத்தில். உங்கள் பானையில் அப்படி மூன்று இடங்கள் இருந்திருக்கும்.

ஒன்று அடித்தளம். ஊறிய வேர் கனத்து அடியில் மெத்தையாகப் படிந்துவிடும். அதற்கும் செம்புக்கும் நடுவில் ஆவிக் குமிழ்கள் அடைபட்டுக்கொள்ளும், தண்ணீர் உள்ளே புக முடியாது. அந்த இடத்தில் செம்பு 100 டிகிரியைத் தாண்டி எங்கோ போய்விடும். வேரின் மரத்தன்மையான பகுதி தீயும்போது குவாயகால் என்ற பொருள் பிறக்கிறது. புகையின் வாடைக்கு முக்கியக் காரணங்களில் அது ஒன்று. அதுவும் ஆவியோடு கிளம்பித் தைலத்தில் கலந்துகொள்கிறது. உங்கள் மூக்கில் முதலில் ஏறுவது பெரும்பாலும் அதுதான்.

இரண்டாவது பானையின் பக்கச்சுவர். அடுப்பு எப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று கல் வைத்துப் பானையை ஏற்றியிருந்தால், விறகைக் கூட்டியதும் தழல் பானையின் தோள்வரை நக்கியிருக்கும். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள செம்பு காய்ந்து கிடக்கும், ஒட்டியிருக்கும் வேர்த்துணுக்கு அங்கேயே கருகும். அடுப்பின் சுவரைப் பானையோடு ஒட்டக் கட்ட வேண்டும். சுவரும் பானையும் சேரும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், தழல் அதற்கு மேல் ஏறக் கூடாது. புகைக்குப் பின்பக்கம் வழி விடுங்கள்.

மூன்றாவது, தண்ணீர் வற்றியது. நான்கு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் வடிந்தது என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தால் மணிக்கு ஒன்றரை லிட்டராவது போயிருக்கும். நான்கு மணி நேரத்தில் ஆறு லிட்டர். மேலே நின்ற நான்கு விரல் நீர் அதற்குத் தாங்காது. கடைசி ஒரு மணி நேரம் வேரின் மேற்பகுதி வெளியே தெரிந்திருக்கும், அடிப்பகுதி குழம்பாகியிருக்கும்.

இனி மருந்து. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் துளையிட்ட செப்புத் தட்டு வையுங்கள், கிடைக்காவிட்டால் மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிக் கட்டிய தட்டி போதும். தண்ணீர் தட்டுக்குக் கீழே, வேர் மேலே. முதல் நாள் இரவே வேரை ஊறவைத்து, ஊறிய நீரையும் பானையிலேயே ஊற்றிவிடுங்கள். வேரை அமுக்கித் திணிக்காதீர்கள். அமுக்கினால் ஆவி ஒரு மூலையில் ஓட்டை போட்டுக்கொண்டு அந்த வழியே ஓடிவிடும், மற்ற வேரெல்லாம் வெந்ததோடு சரி. இதிலும் தட்டுக்கு மேலே உள்ள சுவரில் தழல் படக் கூடாது என்பது முன்பைவிடக் கண்டிப்பான விதி, ஏனென்றால் அங்கே தண்ணீரே கிடையாது.

நெருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொதி வரும்வரை விறகு எரியட்டும். முதல் சொட்டு விழுந்ததும் எரிகிற கட்டைகளை முன்னே இழுத்துவிட்டு, தணல் கங்குகளை மட்டும் பானைக்கடியில் பரப்புங்கள். அதன் பிறகு விறகு வைப்பது கங்கு குறையாமல் இருப்பதற்காக மட்டும். பழைய மருத்துவ ஏடுகளில் தீயைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று அளவு பிரித்திருப்பது சும்மா அல்ல. வாலைக்கு, அதாவது வடிகலத்துக்கு, வேண்டியது நடுத்தரமான, மாறாத தீ. தளர்வதும் பொங்குவதுமாக இருந்தால் பானைக்குள் கொதி குதிக்கும், வேர்க்கழிவு கலந்த நீர் அப்படியே சுருளுக்குள் ஏறிவிடும். வெளிறிக் கலங்கிய உங்கள் நீரில் அதுவும் ஒரு பங்கு இருக்கலாம்.

சொட்டு தளர்ந்தால் நெருப்பைத் தொடுவதற்கு முன் மூடியின் விளிம்பைப் பாருங்கள். மாவு காய்ந்து வெடித்து, ஆவி அந்த வழியே போய்க்கொண்டிருக்கும். ஈரத் துணியால் தடவி அடைத்தால் சொட்டு திரும்பிவிடும். நான் பார்த்தவரை பாதி நேரம் காரணம் அதுதான்.

இன்னொன்று, நான்கு மணி நேரம் வெட்டிவேருக்குப் போதவே போதாது. எலுமிச்சைப்புல் இரண்டு மூன்று மணியில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடும். வெட்டிவேரின் கனமான பகுதி, அதாவது நாம் விரும்பும் அந்த ஆழ்ந்த இனிப்பான மணம், கடைசியில்தான் புறப்படும். பதினெட்டு மணி, இருபத்து நான்கு மணி என்று எரிப்பது வழக்கம். நான்கு மணியில் நிறுத்தினால் பச்சை மண் வாடையும் காரமும்தான் கைக்கு வரும். அளவிலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். உலர்ந்த வேரின் எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டி வந்தால் மகிழ்ச்சி, பெரும்பாலும் அதற்குக் குறைவு. இரண்டு கிலோவில் இருபது மில்லி என்றால் அது மிக நல்ல வேர்.

இருபத்து நான்கு மணி நேரத்துக்குத் தண்ணீருக்கு எங்கே போவது? வடிந்த நீரையே திரும்பப் பானைக்கு ஊற்ற வேண்டும். தைலத்தைப் பிரித்த பின் மிஞ்சும் நீரில் கரைந்தும் மிதந்தும் நிறைய மணம் இருக்கிறது. ரோஜாவில் இதைச் செய்யாவிட்டால் பாதி மணம் பன்னீரிலேயே தங்கிவிடும், ஏனென்றால் ரோஜாவின் மணத்தில் பெரும்பங்கான ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் தண்ணீரில் கரையக்கூடியது. பானைத் தோளில் சிறு வாய் வைத்து, நீண்ட புனலைச் செருகி அடைத்துக்கொண்டால் மூடியைத் திறக்காமலே ஊற்றலாம். ஆனால் இப்போது கையில் இருக்கும் கரிவாடை நீரைத் திரும்ப ஊற்றாதீர்கள். புகைவாடை அதிலும் கரைந்திருக்கும்.

புதுவாலை:

மிக்க நன்றி அம்மா. மூன்று கல் அடுப்புதான், சரியாகச் சொல்லிவிட்டீர்கள். தழல் பானைத் தோளைத் தொட்டது உண்மை, அங்கே செம்பு கறுத்திருக்கிறது. மிதப்பதும் அமிழ்வதும், பச்சை நிறமும் இன்னும் புரியவில்லை. குழாயின் முனையைப் புட்டி நீருக்குள் அமிழ்த்தி வைப்பது நல்லதா? வாசனை காற்றில் போகாமல் இருக்கும் என்று அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அடுப்பங்கரை:

குழாய் முனையை உடனே வெளியே எடுங்கள். நெருப்பு தணிந்ததும் பானைக்குள் ஆவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும். முனை நீருக்குள் இருந்தால் புட்டியில் சேர்த்ததையெல்லாம் பானை உறிஞ்சிக்கொள்ளும். சேர்த்த தைலம் வேர்க்கழிவில் போய்க் கலந்த பிறகு அழுது பயனில்லை. முனை நீர்மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும், புட்டியின் வாயை ஈரத்துணியால் தளர்வாக மூடுங்கள். இறுக்கி அடைக்காதீர்கள்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூடியின் மேல் கல் வைத்து அழுத்துவது, கம்பி போட்டு இறுக்குவது எதுவும் வேண்டாம். சுருள் அடைத்துக்கொண்டால் ஆவி எங்காவது வெளியேற வேண்டும். மாவுப் பூச்சு முதலில் விட்டுக்கொடுக்கும்படி இருப்பதுதான் பாதுகாப்பு. மூடி இறுகி நின்றால் வெடிக்கப் போவது பானை. வடியும் இடமும் அடுப்பும் எட்டி இருக்கட்டும், தைல ஆவி தீப்பற்றும்.

மிதப்பது பற்றி. எலுமிச்சைப்புல் தைலம் தண்ணீரைவிட இலேசு, மேலே நிற்கும். கிராம்புத் தைலம் கனம், நேரே அடிக்குப் போய்விடும். வெட்டிவேர்த் தைலத்தின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியே இருக்கிறது, சில பகுதிகள் சற்று மேலே, சில சற்றுக் கீழே. அதனால்தான் மேலே படலம், அடியில் துளி, நடுவில் கலங்கல். வடிநீரில் கல்லுப்பைக் கரையுங்கள். தண்ணீர் கனத்துத் தைலம் முழுவதும் மேலேறும். அசையாமல் ஓரிரவு வைத்தால் கலங்கலும் பிரிந்துவிடும். ஆனால் உப்பிட்ட நீரைப் பானைக்குத் திருப்ப முடியாது. ஆகவே கடைசி வடிப்பின் நீருக்கு மட்டும் உப்பு, அதுவரை பொறுமை.

வாளி நீரையும் கவனியுங்கள். புல்லுக்கு வாளி எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது. வெட்டிவேர்த் தைலம் கெட்டியானது, குளிர்ந்த சுருளின் உட்சுவரில் பிசினாக ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். அடுத்த முறை புல் வடிக்கும்போது வெட்டிவேர் வாசனையோடு வெளியே வரும். வாளியின் அடிப்பகுதி நீர் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்படி விடுங்கள். ஆவியாகவே வெளியேறாத அளவு குளிர்ச்சி போதும்.

கன்னோஜ் வடிப்பாளர்கள் வெப்பமானி இல்லாமல் இதைச் செய்கிறார்கள். தேக் என்ற செம்புப் பானை அடுப்பில் இருக்கும். கயிறு சுற்றிய மூங்கில் குழாய் வழியாக ஆவி பப்கா என்ற நீண்ட கழுத்துச் செம்புக் கலத்துக்குப் போகும். பப்கா தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்ந்திருக்கும், அதற்குள் முன்கூட்டியே சந்தனத் தைலம் ஊற்றியிருப்பார்கள். ஆவி அதில் இறங்கிக் குளிரும்போது பூவின் மணத்தைச் சந்தனம் பிடித்துக்கொள்ளும். பப்காவைத் தொட்டுப் பார்த்தே எவ்வளவு நிறைந்தது, எவ்வளவு சூடு என்று கணிப்பார்கள். மாற்ற வேண்டிய நேரத்தில் பானையை ஈரத்துணியால் துடைத்துக் கொதியை அடக்குவார்கள். பப்காவில் சேர்ந்த நீரை வடித்து மறுநாள் தேக் பானைக்கே ஊற்றுவார்கள். சுட்ட மண்ணைக்கூட இப்படி வடித்து மழைவாசனை அத்தர் எடுக்கிறார்கள். 1964இல் அந்த வாசனைக்குப் பெட்ரிகோர் என்று பெயரிட்ட ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் தங்கள் கட்டுரையில் இந்த அத்தரைக் குறிப்பிட்டார்கள்.

பச்சை நிறம் செம்பிலிருந்து வந்தது. வெட்டிவேரில் உள்ள அமிலங்கள் செம்போடு சேர்ந்து உப்பாகித் தைலத்தில் கரைகின்றன. செம்புப் பானையில் வடித்த வெட்டிவேர் ரூஹ், அதாவது சந்தனம் சேராத தூய தைலம், பச்சையாக இருப்பதைச் சிலர் தரத்தின் அடையாளமாகவே சொல்வார்கள். எனக்கு அந்த மயக்கம் கிடையாது. உடலில் பூசுவதற்கென்றால் அந்தச் செம்பு வேண்டாம். சிட்ரிக் அமிலத்தை நீரில் கரைத்து, தைலத்தோடு குலுக்கித் தெளியவிட்டால் செம்பு நீருக்குள் இறங்கிவிடும், தைலம் பழுப்பாகும். அல்லது பானைக்கு ஈயம் பூசிவிடுங்கள். நான் சொல்வது பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம். காரீயம் கலந்த பற்றாசு குழாய் இணைப்பில்கூட இருக்கக் கூடாது.

நீராவிக்கு ஒரு வார்த்தை. எஃகு நல்லதுதான். ஆனால் சில இலைகளில் எழும் கந்தக நாற்றத்தைச் செம்பு பிடித்து வைத்துக்கொள்ளும், எஃகு அப்படியே தைலத்துக்கு அனுப்பிவிடும்.

சீலைமண்:

அடுப்பங்கரை அம்மா கரிவாடையைக் குற்றமாகவே பேசுகிறார்கள். குழித்தைலத்தில் தண்ணீரே கிடையாதே. அடியில் துளையிட்ட பானையில் சரக்கை நிரப்பி, வாயை மூடிச் சீலைமண் செய்து (களிமண் தோய்த்த துணியால் சுற்றி அடைத்து), குழிக்குள் இருக்கும் ஏனத்தின் மேல் வைத்து, சுற்றிலும் வறட்டி அடுக்கிக் கொளுத்தினால் தைலம் கீழே சொட்டுகிறது. தீயே மருந்தை இறக்குகிறது. ஆயுர்வேதத்தில் இதைப் பாதாள யந்திரம் என்கிறார்கள். பூர்ச்ச (பிர்ச்) மரப்பட்டையைக் காற்றில்லாமல் சுட்டுப் பிசின் எடுக்கும் வேலையை நியாண்டர்தால் மனிதர்களே செய்திருக்கிறார்கள். வேரை இப்படிக் குழியில் இறக்கினால் என்ன?

அடுப்பங்கரை:

இறக்கலாம், வெட்டிவேர்த் தைலம் கிடைக்காது, தார்தான் கிடைக்கும். இரண்டும் வேறு தொழில்கள். வாலையில் வேருக்குள் ஏற்கெனவே இருக்கும் மணத்தைத் தண்ணீரின் பாதுகாப்பில் வெளியே கொண்டுவருகிறோம். குழியில் பொருளையே தீயால் உடைக்கிறோம், கிடைப்பதில் பெரும்பகுதி தீ உண்டாக்கியது. அது குற்றம் என்று நான் சொல்லவில்லை. வட இந்தியாவில் கடல்நத்தையின் ஓட்டு மூடியைச் சட்டியில் சுட்டு வடிக்கும் சோயா நக்கில் புகையும் கடலும் கலந்த வாசனை வரும். பூர்ச்சத் தார் இல்லாமல் பழைய ரஷ்யத் தோல் வாசனை கிடையாது. அங்கே கரிவாடைதான் சரக்கு.

ஆனால் அந்தத் தாரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் சேர்ந்து வரும். ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடி வகையைச் சுட்டு எடுக்கும் கேட் தைலத்தை வாசனைத் தொழிலில் சுத்திகரித்த பிறகுதான் சேர்க்கிறார்கள். சேராங்கொட்டை போன்றவற்றைப் பயிற்சி இல்லாதவர் குழித்தைலமாக இறக்க நினைக்கவே வேண்டாம், அதன் பால் பட்டாலே தோல் கொப்புளிக்கும். தெரிந்த மருத்துவர் அருகில் இருந்து செய்ய வேண்டிய வேலை அது.

நீராவி:

சரி, விறகு பற்றிய என் பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். செம்பும் கந்தகமும் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், நாங்கள் எஃகுக் கலத்துக்குள் செப்பு வலைத் துண்டு போடுவது அதற்காகத்தான். ஆனால் அந்தக் கெட்ட தைலத்தை என்ன செய்வது என்று தம்பி கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அடுப்பங்கரை:

உண்மை, விட்டுவிட்டேன். கொட்டுவதற்கு முன் அது கரிவாடையா, வாலைவாடையா என்று பாருங்கள். புதிதாக வடித்த எந்தத் தைலத்திலும் வெந்த தழை வாடை ஒன்று இருக்கும். காகிதக் கீற்றில் ஒரு துளி தொட்டு வையுங்கள். வாலைவாடை சில மணி நேரத்தில் பறந்துவிடும், புட்டியைத் திறந்து துணியால் மூடிச் சில வாரம் வைத்தால் தைலத்திலிருந்தும் போய்விடும். மறுநாளும் காகிதத்தில் புகை நின்றால் அது கரிவாடை. தண்ணீரோடு மறுபடி வடித்தாலும் கூடவே ஏறிவரும். காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவினால் கழன்றுவிடும், ஆனால் வேரின் அமிலங்களும் சேர்ந்து போகும், கையும் கண்ணும் பத்திரமில்லை. சில துளிக்காக அந்த வேலை வேண்டாம். ஊதுவத்தி மாவில் கலந்துவிடுங்கள், அங்கே புகை யாருக்கும் தெரியாது.

அடுத்த வடிப்புக்கு முன் பானையின் அடியில் ஒட்டியிருக்கும் கரியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து எடுத்துவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் வடித்து, அந்த நீரை முகர்ந்து பாருங்கள். அதில் வாடை இருந்தால் சுருள் இன்னும் சுத்தமாகவில்லை.